ஊருக்குப் பயன்படும் பழைய வீட்டைப் புதுப்பிக்க நிதி திரட்டுவது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வீடுகள் மட்டும் தினமும் திறந்திருக்கும். முகப்பில் நூலகம் நடக்கும், பட்டாலை என்ற கூடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வளவு என்ற உள்முற்றத்தில் எப்போதாவது கண் சிகிச்சை முகாம். உரிமையாளர்கள் வெளியூரில் இருப்பார்கள், சாவி ஊர்க்காரர்களிடம் இருக்கும். ஓடு சரிந்து ஒழுக ஆரம்பித்ததும்தான், "யார் செலவு செய்வது?" என்ற கேள்வி வரும்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு வீட்டுக்காகப் பணம் திரட்டினோம். தருவதற்கு மனிதர்கள் இருந்தார்கள். அந்தப் பணத்தை முறையாக வாங்குவதற்கான காகிதங்களைச் சேர்ப்பதில்தான் அலைச்சல் எல்லாம். அதனால் எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். நோட்டீஸ் அடித்துப் பணம் கேட்பது இந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. அதை முன்னால் கொண்டுவராதீர்கள்.

ஒரு குறிப்பு: 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. கீழே எல்லோருக்கும் பழகிய பழைய எண்களிலேயே சொல்லியிருக்கிறேன். மனு போடும்போது அன்றைய எண் எது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வீடு யாருடையது என்பதைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள்

இந்த ஒரு படிக்கே மற்ற எல்லாவற்றுக்கும் ஆகும் நேரம் ஆகலாம். பட்டா பெரும்பாலும் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும். பங்காளிகள் மூன்று தலைமுறையாகப் பிரிந்து சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருப்பார்கள்.

முதலில் சேர்க்க வேண்டியவை: மூலப்பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இறந்தவர்களின் இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்றுகள், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணினிக்கு ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் வம்சாவளியை எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவருடைய பங்கு, முகவரி, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதையும் குறித்துவையுங்கள். பாஸ்போர்ட் விவரம் ஆறாவது படியில் தேவைப்படும்.

வீட்டை, மூன்றாம் படியில் சொல்லும் டிரஸ்டுக்குத் தானமாக எழுதித் தரலாம், அல்லது நீண்டகாலக் குத்தகைக்குத் தரலாம். தானம் என்றால் முத்திரைத்தீர்வை பெரிய தொகை, பங்காளிகளுக்கும் மனம் வராது. பெயரளவு வாடகையில் குத்தகை என்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால் செல்லாது. குறைந்தது பதினைந்து, இருபது ஆண்டாவது கேளுங்கள். ஐந்து வருடக் குத்தகையில் இருக்கும் வீட்டுக்கு லட்சக்கணக்கில் யாரும் தரமாட்டார்கள்.

எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அவருடைய பிரிபடாத பங்கு வெளியே நிற்கும், பணம் தருபவரின் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

குத்தகைப் பத்திரத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள்: குடும்பத்தின் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) போன்றவற்றுக்கு வீட்டை வருடத்தில் எத்தனை நாள் தருவீர்கள், என்ன கட்டணத்துக்கு என்பது. சொந்த வீட்டில் மகள் கல்யாணம் நடத்த வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை எழுதிவைத்தால் கையெழுத்தும் சீக்கிரம் வரும், பின்னால் மனக்கசப்பும் வராது. ஆனால் மற்றவர்கள் கொடுக்கும் அதே கட்டணத்தைக் குடும்பத்தாரும் டிரஸ்டுக்குக் கட்ட வேண்டும். காரணம் மூன்றாம் படியில்.

2. எஸ்டிமேட்டைத் துண்டு துண்டாகப் போடுங்கள்

பழைய கட்டடங்களில் வேலை செய்த ஆர்க்கிடெக்ட் ஒருவரையும் உள்ளூர் மேஸ்திரி ஒருவரையும் சேர்த்தே வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் இன்டாக் அமைப்பின் பக்கத்துக் கிளையில் விசாரிக்கலாம். பாரம்பரியக் கட்டடங்களுக்காக 1984 முதல் இயங்கும் அமைப்பு அது. புதுவீடு மட்டுமே கட்டிப் பழகிய இன்ஜினியரிடம் கொடுத்தால் சிமெண்ட் பூச்சும் கான்கிரீட் தளமும் போட்டு எஸ்டிமேட் வரும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பத்தை பத்தையாகக் கழன்று விழும். பணமும் போய், சுவரும் முன்னைவிட மோசமாகும்.

கூரையைத் தாங்கும் கைமரங்களைக் கீழே இருந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பர்மாத் தேக்கு நடுவில் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் ஒழுகிய தண்ணீரைக் குடித்து மக்கியிருக்கும். எங்கள் வீட்டில் ஆசாரி ஏணி போட்டு ஏறி, நுனியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே இறங்கியது. அதைப் படம் எடுத்து வைத்தோம். தூண்களின் அழகைக் காட்டிய படங்களைவிட அந்த ஒரு படம்தான் பணம் கொடுத்தவர்களை யோசிக்கவைத்தது.

எஸ்டிமேட்டை நான்கு பகுதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் பகுதி தண்ணீரை நிறுத்துவது: ஓடு, ரீப்பர், தகரக் கால்வாய், வளவிலிருந்து தண்ணீர் வெளியேறும் வடிகால். இரண்டாவது மரமும் சுவரும். மூன்றாவது வயரிங், கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பளபளப்புப் பூச்சு, வண்ணம், உடைந்த ஆத்தங்குடிக் கற்களை மாற்றுவது. ஒரு பகுதிக்கான பணம் கையில் வந்ததும் அந்த வேலையை முடித்துக் காட்டலாம். மொத்தமும் சேரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும்.

செலவைக் கணக்குப் போடும்போது எல்லோரும் விட்டுவிடுவது இது. வேலைக்கு 30 லட்சம் என்று எஸ்டிமேட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள ஒப்பந்தக்காரர் என்றால் 18 சதவீதம் வரி, 5.4 லட்சம். பழைய வீட்டில் ஓட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும் சேதங்களுக்காக 15 சதவீதம் ஒதுக்கினால் 4.5 லட்சம். ஆர்க்கிடெக்டுக்கு 8 சதவீதம் என்று பேசியிருந்தால் 2.4 லட்சம். ஆக, நீங்கள் திரட்ட வேண்டியது 42.3 லட்சம். நோட்டீஸில் 30 என்று அடித்துவிட்டு அப்புறம் 42 என்று கேட்டால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

3. டிரஸ்டா, சங்கமா?

சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடாவருடம் பொதுக்குழுக் கூட்டி மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு முடங்கிக் கிடக்கும் சங்கங்கள் ஏராளம். தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாத ஊர் என்றால் டிரஸ்டே நல்லது. டிரஸ்ட் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, டிரஸ்ட் பெயரில் பான் கார்டு வாங்கி, இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். தனிப்பட்ட ஒருவரின் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பத்திரத்தை எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, "எங்கள் சமூகத்தாரின் நன்மைக்காக" என்ற ஒரு வரி இருந்தால், நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இருக்கக்கூடாது. நம் பக்கத்தில் பழைய டிரஸ்ட் பத்திரங்களைப் பார்த்து எழுதுபவர்கள் இந்த வரியைப் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். பொதுமக்கள் அனைவருக்கும் என்று தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவது, வீட்டின் உரிமையாளர்களே அறங்காவலர்களாக இருந்தால் சிக்கல் வரும். டிரஸ்ட் பணத்தில் அறங்காவலரின் சொந்தச் சொத்தைச் சீர்செய்ததாக வருமான வரித்துறை எடுத்துக்கொண்டால் டிரஸ்டின் வரி விலக்கே போய்விடும். பதிவு செய்த நீண்ட குத்தகையும், குடும்பத்தாருக்கும் ஒரே கட்டணம் என்ற ஏற்பாடும் இங்கேதான் கைகொடுக்கும். அறங்காவலர்களில் பெரும்பான்மையோர் குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

மூன்றாவது, டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அமைப்புக்குப் போகும் என்ற ஷரத்து கட்டாயம் இருக்க வேண்டும். இது இல்லையென்றால் அடுத்த படியில் மனு திரும்பி வரும்.

4. 12ஏ, 80ஜி, தர்பன்

12ஏ இருந்தால்தான் டிரஸ்டுக்கு வரும் நன்கொடைக்கு வரி விலக்கு. 80ஜி இருந்தால்தான் கொடுப்பவருக்குச் சலுகை. இரண்டுக்கும் வருமான வரி இணையதளத்தில் படிவம் 10ஏ மூலம் மனுச் செய்யலாம். புதிய டிரஸ்டுக்கு மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு முதலில் வரும், மனுப் போட்ட மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் துறை அதைத் தர வேண்டும். வேலை தொடங்கிய பிறகு படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவாக மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது மனுவை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம். தொடங்கிய ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் இணையதளத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். செலவில்லை, பிறகு எல்லோரும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

5. முதல் பணம் உள்ளூரிலிருந்து வரட்டும்

இப்போது நோட்டீஸ் அடிக்கலாம். எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஊர்க்காரர்கள் கொடுத்த பட்டியல் கையில் இருக்க வேண்டும். வெளியூர்க்காரரும் கம்பெனியும் முதலில் கேட்பது, "ஊரில் எவ்வளவு சேர்ந்தது?" என்றுதான். திருவிழா, கல்யாண சீசனில் எல்லோரும் ஊர் வந்திருக்கும்போது வீட்டையே காட்டிக் கேளுங்கள். நூலகமும் வகுப்பும் நடக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டிவாருங்கள். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் இடத்துக்கு மேலேதான் ஓடு சரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் வெறுங்கையோடு போனதில்லை.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு இருக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடையாது. அதை ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

க்யூஆர் அட்டை வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பணம் விழும், யார் கொடுத்தது என்று பெயரின் பாதிதான் தெரியும். வருடா வருடம் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஒவ்வொருவரின் பான் அல்லது ஆதார் எண்ணும் வேண்டும். தாக்கல் செய்த பிறகுதான் அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர முடியும். அது இல்லாமல் உங்கள் ரசீதை வைத்து அவர்கள் சலுகை கேட்க முடியாது. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதனால் க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள்: பெயர், முகவரி, பான், தொகை, தேதி.

"பாதிப் பணம் திரும்பி வந்துவிடும்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 10,000 ரூபாய் கொடுத்தால் 5,000 ரூபாயை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 30 சதவீத வரி கட்டுபவருக்கே மிச்சம் 1,500 ரூபாய் சொச்சம்தான். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதுவும். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

6. வெளிநாட்டுச் சொந்தங்களின் பணம்

செட்டிநாட்டு வீடுகளுக்கு இதுதான் பெரிய ஆதாரம், பெரிய ஆபத்தும் இதுதான். முதல் படியில் எழுதிய பாஸ்போர்ட் விவரத்தை இப்போது எடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மலேசியக் குடிமகனாகிவிட்ட உங்கள் சொந்தச் சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு அல்லது முன் அனுமதி இல்லாமல் அதை வாங்கக்கூடாது.

எஃப்சிஆர்ஏ பதிவுக்கு டிரஸ்ட் மூன்று ஆண்டாக இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். புதிய டிரஸ்டுக்கு இது நடக்காது. முன் அனுமதி என்ற வழி இருக்கிறது: குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று அவர் எழுதிக் கொடுத்த உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்துக்கு மனுச் செய்யலாம். எந்த வழியானாலும் பணம் முதலில் விழ வேண்டிய கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும்.

"தம்பி கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், அவன் பெயரில் கொடுத்துவிடட்டும்" என்று பாசமாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் அறங்காவலர்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

7. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம்

நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு லாப சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதுதான் சிஎஸ்ஆர். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதும் பொது நூலகம் அமைப்பதும் ஒரே இனத்தில் வருகின்றன. உங்கள் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லுங்கள், அவர்கள் தேடும் வேலை மிச்சம்.

சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்பாகப் பதிவு செய்வதற்கான படிவம் சிஎஸ்ஆர்-1, 12ஏ, 80ஜி கையில் இருந்தால்தான் போட முடியும். ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். கூடவே மூன்று ஆண்டு அனுபவத்தையும் கேட்பார்கள். டிரஸ்ட் புதிது என்றால், அந்த அனுபவமும் பதிவும் உள்ள ஒரு அமைப்பே திட்டத்தை நடத்தும்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நடக்கக்கூடிய வழி.

தனியார் வீடு எப்படி வரலாற்றுக் கட்டடம் ஆகும் என்று கேட்பார்கள். இன்டாக் போன்ற அமைப்பிடமிருந்து கட்டடத்தைப் பற்றி ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று பார்த்துக் குறிப்பிடுங்கள். அந்தப் பட்டியலால் நேரடியாகப் பணம் எதுவும் வராது, கடிதத்துக்கு எடை கூடும்.

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஜனவரியில் மறுபடி நினைவூட்டுங்கள். அந்த நேரத்தில் செலவாகாத தொகை இருந்தால் தயாராக இருக்கும் திட்டத்தைத்தான் தேடுவார்கள். பணம் தவணையாகத்தான் வரும், ஒரு தவணைக்குக் கணக்குக் காட்டினால் அடுத்தது. கொத்தனாருக்கு வாரக்கூலி கொடுக்க உள்ளூர்ப் பணம் கையில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

8. அரசு பணம்?

நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஆனால் அது பொதுச் சொத்துக்கானது. குத்தகைக்கு எடுத்த தனியார் வீட்டுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாசலில் வடிகால், தெருவிளக்கு போன்ற வேலைகளை ஊராட்சியிடம் கேளுங்கள்.

9. மார்ச் 31

டிரஸ்டுக்கு வந்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும் என்பது விதி. பிப்ரவரியில் 20 லட்சம் வந்தால் மார்ச் முடிவதற்குள் 17 லட்சத்துக்கு ஓடு மாற்ற முடியுமா? முடியாது. இதற்காகத்தான் படிவம் 10 இருக்கிறது. இந்த வீட்டின் புதுப்பிப்புக்காகச் சேர்த்துவைக்கிறோம் என்று நோக்கத்தைக் குறிப்பிட்டு ஐந்து ஆண்டு வரை ஒதுக்கிவைக்கலாம். அறங்காவலர் கூட்டத் தீர்மானமும், கெடுவுக்கு முன் தாக்கலும் முக்கியம். எங்களுக்கு முதலில் கணக்குப் பார்த்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேறு ஒருவரிடம் போன பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஆடிட்டரிடம் ஜனவரியிலேயே நீங்களாகக் கேளுங்கள்.

10. வேலையை எப்போது தொடங்குவது

ஓட்டைப் பிரிக்கும் வேலை தை மாதத்தில் தொடங்கினால் நல்லது. ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியிருக்க வேண்டும். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டியிருப்பதால் பணம் வந்த பிறகு சுண்ணாம்புக்குச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் சிலர்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்பணம் கொடுத்துத் தேதி வாங்குங்கள். முழுச் சுவரையும் ஒப்படைக்கும் முன் மறைவான ஒரு மூலையில் சிறு சதுரம் பூசச் சொல்லிக் காயவிட்டுப் பாருங்கள். கழற்றும் மரம், கதவு, ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எடுத்து, பூட்டிய அறையில் வையுங்கள். பழைய தேக்குக்கு விலை அதிகம், எங்கே போனதென்றே தெரியாமல் போய்விடும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பில்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, 500 ரூபாய் கொடுத்தவருக்கும் வாட்ஸ்அப்பில் சுருக்கமாக அனுப்புங்கள். இரண்டாம் பகுதிக்கான நோட்டீஸை அதற்கடுத்த வாரம் கொடுக்கலாம். திரட்டும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். வருடம் ஒருமுறை ஆவணி, புரட்டாசியில் ஆளை ஏற்றி, விலகிய ஓட்டை நகர்த்தி, உடைந்ததை மாற்றி, கால்வாயில் அடைத்த சருகை அள்ள அந்தப் பணம் வேண்டும்.